பச்சை வெளிச்சம் யாருடையது

ஒரு படிகத்துக்குள் இரண்டு மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. மூத்தவன் தலை இருந்த பக்கம் இளையவனுக்குக் கால். படிகத்தை வளர்த்த மங்கையர்க்கரசி, கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளியை அதற்குள் பாய்ச்சினாள். அது பச்சை வெளிச்சமாக மாறி வெளியே வந்திருக்க வேண்டும். போனபடியே வந்தது.

“நான் உசுரக் குடுத்து வெளிச்சத்த இந்தப் பக்கம் தள்ளுறேன், நீ ஏண்டா அந்தப் பக்கம் தள்ளுற?” என்று மூத்தவன் கத்தினான்.

“நான் சரியாத்தான் தள்ளுறேன். நீதான் தலைகீழாக் கிடக்குற!” என்றான் இளையவன்.

மங்கையர்க்கரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “தனித்தனியா ரெண்டு பேரும் பெரிய ஆளுங்க. சேந்தா ஒண்ணுமில்ல. இன்னொரு தடவ இப்படிப் பண்ணுங்க, சிங்க்ல கொட்டிடுறேன்!”

படிகத்தைக் கரைத்து, இருவர் விலாவிலும் ஒரு சின்னப் புடைப்பை ஒட்டி, மறுபடியும் வளர்த்தாள். புடைப்பு இடித்ததால் தலைமாற்றிப் படுக்க வழியில்லை. அந்தப் பயல்கள் அவளைத் திட்டிக்கொண்டே ஒருவன் பின்னால் ஒருவனாக ஒரே பக்கம் பார்த்துக் கிடந்தார்கள்.

லேசர் பாய்ந்தது. பச்சை வெளிச்சம் பீறிட்டது.

“என்னோடது!” என்றான் மூத்தவன்.

“போடா, என்னோடது!” என்று இளையவன் அவன் முதுகைப் பார்த்துக் கத்தினான்.

மூத்தவனால் திரும்ப முடியவில்லை. எதிரே இருந்த வெற்றிடத்தைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினான்.

பச்சை வெளிச்சம் அவர்களைத் தாண்டிப் போய்ச் சுவரில் விழுந்திருந்தது. இருவரில் ஒருவனும் அதைப் பார்க்கவில்லை.