நான்காவது கருவி

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, கேட்டால் கைகூப்பத் தோன்றும் கதை ஒன்று சொல்கிறேன்.

ஒரு தையல்காரிக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம், மடி நிறையவில்லை. போனைத் திறந்தாலே குழந்தைத் துணி விளம்பரம் வந்து நெஞ்சைக் கிள்ளும்.

"இதெல்லாம் வீட்டுக்குள்ளயே வராம பண்ணிடுங்களேன்" என்றாள்.

லாரி ஓட்டும் புருஷன் ஞாயிற்றுக்கிழமை காலையில் கணினி முன் உட்கார்ந்தான். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, அந்தக் குழந்தைத் துணிக் கடைகளை ஒவ்வொன்றாகத் தடுத்தான். பிறகு, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பார்த்தான். வீட்டில் இருப்பது இரண்டு போன், ஒரு கணினி. பட்டியலிலோ பெயரில்லாத நான்காவது ஒன்றும் இருந்தது.

"பக்கத்து வீட்டுக்காரர் நம்ம வைஃபையில ஓசி சவாரி பண்றாரு."

"பேப்பரே ஓசியில படிக்கிறவராச்சே" என்றபடி அவள் சமையலறைக்குப் போனாள். திரையில் நான்காவதன் சிக்னல் இறங்கியது. திரும்பி வந்தாள், ஏறியது. இருவர் போன்களும் மேசைமேல்தான் கிடந்தன.

"இன்னொரு தடவை போயிட்டு வா."

போனாள், இறங்கியது. வந்தாள், ஏறியது.

"தடுத்துடாதீங்க" என்றாள் மெதுவாக.

அவன் அந்த வரியைத் திறந்தான். இணைந்து நாற்பத்தொரு நாள் என்றிருந்தது. அவள் காலண்டரில் விரல் வைத்துப் பின்னோக்கி எண்ணினாள். எண்ணி முடிக்குமுன் மற்றக் கை தானாக அடிவயிற்றுக்குப் போயிருந்தது.

உங்கள் வீட்டிலும் தலைக்கணக்கு கூடிக்கொண்டே போகட்டும், கண்ணுகளா.