கௌதமியின் ளகரம்

கைப்பேசி, கணினி எல்லாவற்றிலும் ஒரே செயலியை ஓடவைக்கும் கட்டமைப்பு அது. அதன் நிரல் முழுவதும் ஒரே களஞ்சியத்தில் இருந்ததால், ஒரு சோதனை தோற்றுத் திரையில் சிவந்தாலும் மொத்தமும் நின்றுவிடும். அன்று சிவந்திருந்தது தமிழ்ச் சோதனை மட்டும்தான். கௌதமி என்ற பெயரில் எத்தனை எழுத்து என்று அது கேட்டது. மூன்று என்று வரவேண்டிய இடத்தில் நான்கு என்றே வந்தது.

சோதனையை எழுதியவள் கௌதமி. தன் பெயரையே கொடுத்திருந்தாள். எண்ணும் நிரலைப் பிரித்துப் பிரித்துக் கோத்தாள். ஒவ்வொரு முறையும் மொத்த நிரலையும் மறுபடி கட்டி ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் நான்கு.

"போதும்மா," என்றார் குழுத் தலைவர் சேவியர். "சாயங்காலம் வெளியிட்டாகணும். தமிழைத் தூக்கிடறேன். யாரு கேக்கப் போறா?"

நான் கேப்பேன் சார் என்று அவள் சொல்வதற்குள் அவர் தன் இடத்துக்குப் போய்விட்டார். இவள் பெயரின் முதல் எழுத்தை அழித்துப் பார்க்கலாம் என்று அழிக்கும் விசையை ஒவ்வொரு தட்டாகத் தட்டினாள். ளகரம் மட்டும் கழன்று விழுந்தது; கெ அப்படியே நின்றது. ஔகாரக் குறி இருக்கவேண்டிய இடத்தில் ள. இத்தனை வருடமும் அப்படித்தான் தட்டியிருக்கிறாள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இயந்திரம் சரியாகவே எண்ணியிருக்கிறது.

ஓடினாள். "சார், புரோகிராம் சரி. பிழை என் பேர்லதான்."

"பேரை அப்புறம் நியூமராலஜி பாத்து மாத்திக்கலாம்மா." சேவியர் திரும்பாமலே சிரித்தார். தமிழை நீக்கும் கட்டளை திரையில் தயாராக இருந்தது. அவர் விரல் விசையை நோக்கி இறங்கியது.

கௌதமி தன் உள்ளங்கையை விரித்து அவருடைய விசைப்பலகைமேல் அழுத்தினாள். திரையில் அந்தக் கட்டளைக்குப் பின்னால் பொருளில்லாத எழுத்துகள் நீளமாக ஓடத் தொடங்கின. "கைய எடும்மா," என்றார். அவள் எடுக்கவில்லை.