வெறுங்குழாய்

குடுவையில் எண்ணெய் விழுந்துகொண்டிருந்தது. விழவே கூடாத எண்ணெய்.

மரத்தூள் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். கீழே தண்ணீர். அதற்கு மேலே தேன் நிறத்தில் தெளிந்த எண்ணெய், ஒரு விரற்கடை அளவுக்கு.

மரத்தூள் மேடம் என்பது ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர். மரத்தூளிலிருந்து எரிபொருள் எடுப்பது அவள் வேலை. தலைமுடியிலும் கைப்பையிலும் எப்போதும் கொஞ்சம் தூள் இருக்கும். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை. கூப்பிடுகிறார்களே, அதுவே பெரிது.

மரத்தூளைக் காற்றுப் படாமல் யார் சூடாக்கினாலும் ஆவி வரும். குளிரவைத்தால் கறுப்பாக, புளித்த நாற்றத்தோடு ஒரு திரவம் கிடைக்கும். எந்த வண்டியும் அதைச் சீந்தாது. அதே ஆவியை அவளுடைய வெள்ளைப் பொடி நிரப்பிய எஃகுக் குழாய் வழியாக அனுப்பினால் தெளிந்த எண்ணெய் வரும். அந்தப் பொடி ஒரு வினையூக்கி. ஐந்து வருடமாக அவள் பிள்ளையைப் போல வளர்த்தது. அவளுக்கு வேறு பிள்ளை கிடையாது.

நான்கு மணிக்கு அறிக்கை போக வேண்டும். எதைக் கேட்டாலும் ‘ஆகட்டும்’ என்கிற கூடத்தின் தலைவர், அவளுக்கென்று தனிப் பிரிவு ஒன்றுக்கும் ஆகட்டும் சொல்லிவிட்டார். ஒரே ஒரு சடங்குதான் பாக்கி. பொடிக்குப் பதிலாக வெறும் மணலைப் போட்டு, அதே சூட்டில் குழாயை ஓட்டிப் பார்க்க வேண்டும். கறுப்புத் திரவம் வந்தால் பெருமையெல்லாம் பொடிக்கு.

இத்தனை வருடமும் அந்தச் சோதனையைப் பக்கத்திலிருந்த புதுக் குழாயில்தான் செய்தாள்; கறுப்புத் திரவம்தான் வந்தது. பழைய குழாயில் எப்போதும் பொடி இருக்கும், அதைக் கலைக்க அவளுக்கு மனம் வராது. இன்றைக்குப் பார்த்துப் புதுக் குழாயின் மூடியில் கசிவு. போகட்டும் என்று பழையதிலேயே மணலைக் கொட்டினாள்.

காலையில் எண்ணெய் வந்தபோது, மிச்சம் மீதிப் பொடி எங்காவது ஒட்டியிருக்கும் என்று நினைத்தாள். குழாயைக் கழுவி, புது மணல் பொட்டலத்தைப் பிரித்து ஓட்டினாள். இது அந்த இரண்டாவது ஓட்டம்.

பொடி இல்லை. மணலுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. மிஞ்சியது குழாயின் சுவர்தான்.



எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவளைக் கூப்பிடுவதை என்றைக்கோ விட்டுவிட்டார்கள். அவள் எப்படியும் வரமாட்டாள் என்று முடிவாகியிருந்தது. இதைச் சொல்லி அழக்கூட அந்த அறையில் ஆள் இல்லை.

அந்தக் குழாயில் அவளுக்கு முன்னால் வேலை செய்தவர் அவள் கணவர். நான்கு வருடம் ஒரு சாம்பல் நிறப் பொடியோடு மல்லுக்கட்டினார். ஒன்றும் தேறவில்லை. ஒரு நாள் சூடு எல்லை மீறிப் போய், பொடி உருகிக் குழாயின் உட்சுவரில் அப்பிக்கொண்டது. அத்தோடு அந்த ஆய்வை மூடிவிடலாம் என்று விஷயம் தெரிந்த மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். மூன்றாவது கையெழுத்து அவளுடையது.

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. குழாயைச் சுரண்டித் தேய்த்துக் கழுவி அவளிடம் ஒப்படைத்தார்; சில நாளில் வேலையையும் விட்டார். இப்போது வீட்டிலிருந்து பாடப்புத்தகங்களைப் பிழை திருத்துகிறார். ஆய்வுக்கூடத்தைப் பற்றி அன்றிலிருந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. சாப்பாடு, மழை, முட்டிவலி, இவ்வளவுதான் பேச்சு. அந்தக் கையெழுத்துக்காகத்தான் இந்தத் தண்டனை என்று அவளாகவே முடிவுகட்டிக்கொண்டாள். ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாகக் குடியிருந்தார்கள்.

சுரண்டியும் போகாமல் சுவரோடு ஒட்டிய அந்த மெல்லிய பூச்சுதான் ஐந்து வருடமாக எண்ணெய் கொடுத்திருக்கிறது. அவளுடைய வெள்ளைப் பொடி சும்மா கூடவே இருந்திருக்கிறது.

குடுவையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. அந்த நினைப்பு வந்தது. வராமல் என்ன, அவளும் மனுஷிதானே. குடுவையோடு தொட்டிவரை போய்த் தண்ணீர்க் குழாயைத் திறக்கக்கூடச் செய்தாள். தண்ணீர் கொஞ்ச நேரம் வீணாக ஓடியது.

பிறகு தண்ணீரை நிறுத்தி, குடுவையைப் பத்திரமாக மேசையில் வைத்துவிட்டுக் கைபேசியை எடுத்தாள். போனது அவளுடைய ஐந்து வருடம். ஆனாலும் அவரிடம் சொல்லப்போகிறோம் என்பதில் ஒரு சந்தோஷம் இருந்தது. அது அவளுக்கே ஆச்சரியம். எவ்வளவோ நாளைக்குப் பிறகு, அவரிடம் சொல்வதற்கு அவளிடம் ஒரு விஷயம் இருந்தது.

“நான்தாங்க. வெறுங்குழாய்ல எண்ணெய் வருது. உங்க பொடிதான் சுவத்துல இருக்கு, இத்தன நாளும் வேல செஞ்சது அதுதாங்க.”

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் எழுந்துவிட்டார் போலிருந்தது.   

“தெரியும்மா. அன்னைக்குக் கழுவினப்புறம் நானே ஒரு தடவ வெறுங்குழாயா ஓட்டிப் பாத்தேன், எண்ணெய் வந்துச்சு. இன்னொரு தடவ ஓட்டிட்டு உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ உன் பொடியப் போட்டுட்டு, எண்ணெய் வந்திருச்சுன்னு சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குள்ள வந்தே. அப்புறம் நான் எப்படிச் சொல்றது?”