நாடி சொன்னது

"லேகியம் கிடையாது. கிளம்புங்க."

வைத்தியர் இப்படி முகத்தில் அடித்தாற்போல் சொல்வார் என்று லிஃப்ட் மெக்கானிக் எதிர்பார்க்கவில்லை. சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தார். நல்லவேளை, பெஞ்சில் யாரும் இல்லை.

"ஐயா, மெதுவா பேசுங்க. தீர்ந்ததும் வாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார் மனிதர். பத்தாவது மாடியில் லிஃப்டின் தலைமேல் நின்று வேலை பார்ப்பவருக்கு, இந்த வைத்தியசாலைப் படி ஏறத்தான் பயம்.

"கையைக் கொடுங்க." நாடியில் விரல் வைத்துக் கண்ணை மூடினார் வைத்தியர். "நெஞ்சுக்கு மாத்திரை சாப்பிடுறீங்களா?"

மெக்கானிக்குக் குப்பென்று வியர்த்தது. போன தடவை இதே கேள்விக்கு, 'இல்லவே இல்லை' என்று சாதித்திருந்தார். சொன்னால் மருந்து தரமாட்டாரோ என்ற பயம்.

"எ... எப்படிங்க தெரிஞ்சுது?"

"நாடி சொல்லுது. அதோட என் மருந்தும் சேர்ந்து ஏடாகூடமா ஏதாவது ஆகியிருந்தா?"

"செத்திருப்பேனா?"

"அந்த அளவுக்குப் போக வேண்டாம்னுதான் லேகியத்தை நிறுத்தச் சொல்றேன். உங்க ஆண்மைக் குறைக்கு ரத்த ஓட்டம் காரணமா இருக்கலாம், அந்த மாத்திரையேகூடக் காரணமா இருக்கலாம். டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"அவர்கிட்ட போய் எப்படிங்க இதை..."

"நல்லா இருக்கு! அங்கே இதை மறைச்சீங்க, இங்கே அதை மறைச்சீங்க. பாதி பாதியா சொன்னா யாரு குணப்படுத்துறது? மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க. நாளைக்கே டாக்டரைப் பாருங்க. வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டுப் போங்க."

"ஐயோ, அவளுக்கு மட்டும் தெரியவே கூடாதுங்க! என்னைப் பத்தி என்ன நினைப்பா?"

வைத்தியர் வாசலைக் காட்டினார். மெக்கானிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி இறங்கிப் போனார். நாடி இவ்வளவு சொல்லுமா என்ற திகில் வேறு.

அவர் தெருமுனை திரும்பியதும் வைத்தியர் உள்ளறைத் திரையை விலக்கினார்.

கணவரின் குரல் வாசலில் கேட்டதும் உள்ளே ஒளிந்த மெக்கானிக்கின் மனைவி வெளியே வந்தாள். அவர் டூல்ஸ் பைக்குள் ஒளித்து வைத்திருந்த லேகிய டப்பா அவள் கையில் இருந்தது.

"போயிட்டாரும்மா. நீங்க வந்து சொன்னதைச் சொல்லல. நாடி மேல பழியைப் போட்டுட்டேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவர் உசுரோட இருந்தா போதும் ஐயா எனக்கு. நாளைக்குக் கூப்பிட்டார்னா, எதுக்குன்னு கேட்காம கூடப் போவேன்."