லிஃப்ட்டுக்குப் பிடிக்காத கருவாடு

"நடத்தை விதி மீறல்: துர்நாற்றம். ஏழு நாள் தடை" என்று லிஃப்ட் கதவைச் சாத்திக்கொண்டது. நிறைமாத வயிற்றோடு பதினான்கு மாடி படியிறங்கி வந்து, குடியிருப்புச் சங்கச் செயலாளர் வரதராஜனிடம் பொரிந்து தள்ளினாள் பெனிட்டா.

"கருவாடு வறுத்தது ஒரு குத்தமா சார்? எதிர்வீட்ல தெனமும் நெய் காயுது. அது மட்டும் லிஃப்ட்டு மூக்குக்கு எட்டலியா?"

"அது வாசனைம்மா. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். இதுல அரசியலே கிடையாது."

"எது நாத்தம், எது வாசனைன்னு எழுதுனது யாரு சார்? அவங்க வீட்ல கருவாடு வறுப்பாங்களா?"

சுவரில் லிஃப்ட்டோடு இணைத்திருந்த கருவி பேசியது. "அரசியல் பேச்சு. தடை முப்பது நாளாக நீட்டிக்கப்படுகிறது."

பிரசவத்துக்கு இருபது நாள்தான் இருந்தது. மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கி ஏறிய பெனிட்டா, ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்து, மிச்சக் கருவாட்டையும் வாணலியில் போட்டாள்.