செவலை போட்ட நாலு குட்டி

"நாலே நாலு குட்டி! இத்த வச்சினு இன்னாம்மா பண்றது? வித்துடலாம்" என்றான் உத்தமன்.

பட்டாபிராமில் புது ஃபிளாட்டுகள் முடிகிற இடத்தில் இருக்கிறது அவர்களுடைய பன்றிப் பட்டி. போன ஈத்தில் பதினொரு குட்டி போட்ட செவலை, இந்த ஆவணியில் நாலோடு நிறுத்திக்கொண்டது.

"வித்துடு நைனா" என்றாள் அவன் அம்மா பொன்னியம்மா. "புள்ள பெத்துக்காததுக்கு எதுக்கு தெண்டத் தீனி?"

தொட்டியில் தீனி கொட்டிக்கொண்டிருந்த யுவராணியின் கை நின்றது. அந்தப் பேச்சு யாருக்கு என்று மருமகளுக்குத் தெரியாதா?

கல்யாணமாகி அஞ்சு வருஷம். இவளிடம் ஒரு குறையும் இல்லை, புருஷனையும் அழைத்து வா என்று போன பங்குனியில் லேடி டாக்டர் சொன்ன அன்றைக்கு உத்தமன் குதித்த குதி இருக்கிறதே!

"எனக்கு இன்னாடி கொறை? தை வரைக்கும் பாப்பேன். அப்பால உன்ன உங்கம்மா ஊட்ல உட்டுட்டு வேற பொண்ணு பாத்துப்பேன்."

மாமியார் தடுத்தாளா? "அவன் ஆம்பளடி. அவனப் போயி டாக்டராண்ட கூப்புடுறியே" என்று இவளைத்தான் அதட்டினாள்.

"விக்கிறதுக்கு மின்னாடி மாட்டு டாக்டரம்மா ஒரு தபா பாக்கட்டும்" என்று பொன்னியம்மாவே போன் போட்டாள். அதுவும் உத்தமன் வீட்டில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து.

டாக்டர் வர்ஷா வந்து செவலையைத் தடவிப் பார்த்தாள். "இது நல்லாத்தானே இருக்கு. ஆண் எங்கே?"

உத்தமன் சிரித்தான். "மைனரா? அவன் மேல டவுட்டே வாணாம் மேடம். சிங்கம்!"

சிங்கம் தகர ஷெட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது. எப்போதும் பூவரச மரத்தடிதான் மைனரின் இடம். கம்பளிப்பூச்சி விழுகிறது என்று சித்திரையில் பொன்னியம்மாதான் ஷெட்டுக்கு மாற்றியிருந்தாள்; அதை டாக்டரிடமும் அவளே சொன்னாள்.

வர்ஷா தகரத்தைத் தொட்டுவிட்டுக் கையை உதறினாள்.

"அக்னி நட்சத்திரம் முழுக்க இதுக்குள்ளயா? பன்னிக்கு வேர்த்துக் கொட்டாதுங்க. உடம்பு இப்படிக் கொதிச்சா ஆணோட விந்துல வலு போயிடும். பார்க்க என்னவோ சிங்கம் மாதிரிதான் இருக்கும். பாவம், செவலை மேல தப்பே இல்ல."

உத்தமனின் சிரிப்பு பாதியில் நின்றது. அம்பத்தூரில் இரும்பு உருக்கும் கம்பெனியில், நாள் முழுக்க உலைக்கு எதிரே நின்று வேலை பார்க்கிறவன் அவன்.

"மேடம்... இது பன்னிக்கு மட்டுந்தானே?"

"ஏன் கேக்குறீங்க?"

"சும்மா... ஒரு பொது அறிவுக்கு."

"நான் கால்நடை டாக்டருங்க. மனுஷங்களுக்கு வேற டாக்டர் இருக்காங்க, அங்க கேளுங்க."

"இத்த சரி பண்ண முடியுமா?"

"எதை?"

"மைனரத்தான் மேடம்!"

"நிழல்ல கட்டி, உடம்புல தண்ணி தெளிங்க. ரெண்டு மாசத்துல தேறிடும்."

பொன்னியம்மா கூரையில் உட்கார்ந்திருந்த காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் உத்தமன் பனியன் நுனியைத் திருகிக்கொண்டு வந்து நின்றான். "யுவராணி... அந்த லேடி டாக்டராண்ட நாளைக்கு நானும் வரேன். யாராண்டயும் சொல்லாத, இன்னா?"

யுவராணி பட்டிக்கு ஓடினாள். அங்கே பொன்னியம்மா மைனரை மறுபடி பூவரச மரத்தடியில் கட்டி, குளிர்ந்த தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அத்தே, மரத்துல கம்பளிப்பூச்சி கீதுன்னியே?"

"எந்தப் பூச்சி?" என்றாள் மாமியார். "வாக்கப்பட்டு வந்த நாள்லேர்ந்து பன்னி வளக்குறேன், சித்திரை வெயில்ல இவன தகரத்துக்குள்ள கட்டுனா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியாதா? உன் புருஷன் சொன்னா கேக்குற ஆளாடி... ஒரு ஈத்து போனா போவுது, நீ இருக்கணும் எனக்கு!"