பத்து லட்சத்து ஒன்பது

“வகுபட்டுட்டு சார்!” என்று கத்திக்கொண்டே டைட்டஸ் உள்ளே வந்ததும், ரசலையன் வாத்தியாரின் முகம் இழவுச் செய்தி கேட்டவர் முகமாயிற்று. அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி நேசம்மாளுக்கும் கை ஓடவில்லை.

வகுபட்டது, பத்து லட்சத்து ஒன்பது என்ற எண். பதினொரு வருடங்களுக்கு முன், 1923இல், வாத்தியார் கள் வெறியில் கோயில் வாசலில் விழுந்து கிடந்தார். அன்று நடந்தது ஒன்றுமே அவருக்கு நினைவில்லை; விழுந்து கிடந்ததே மறுநாள் பிறர் சொல்லித்தான் தெரியும்.

போதகர் அவரைத் திருவிருந்திலிருந்து தள்ளிவைத்தார். இன்னொரு முறை குடித்தால் மிஷன் பள்ளிக்கூட வேலையும் போகும் என்றார். வாத்தியார் சபை முன்னால் நின்று, அப்போது பொழுதுபோக்காக வகுத்துக்கொண்டிருந்த எண்ணின் பேரிலேயே பொருத்தனை செய்தார்.

“பத்து லட்சத்து ஒம்பது மிச்சமில்லாம வகுபடுத நாள் வரைக்கும் கள்ளைத் தொடமாட்டேன்!”

ஒரே மாதத்தில் தப்பித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. தாளுக்கு ஒன்றாக, ஆயிரம் வரையுள்ள பகா எண்களை நோட்டில் முன்பே தலைப்பிட்டு வைத்திருந்தார். எல்லாத் தாளும் தீர்ந்தது. பாழாய்ப்போன எண் ஒன்றுக்கும் மசியவில்லை. வேறு வழியில்லாமல் வாத்தியார் யோக்கியரானார்.

போகப்போக அதிலும் ஒரு பெருமை வந்துவிட்டது. “நானும் அந்த எண்ணும் அசையமாட்டோம்” என்று சபையில் சொல்லிக்கொள்வார். அதைத்தான் பள்ளிக்குப் புதிதாய் வந்த டைட்டஸ் வாத்தியார் சோதித்துப் பார்த்திருக்கிறார்.

“எதால வகுபட்டுது?”

“இருநூத்தித் தொண்ணூத்தி மூணு. ஈவு மூவாயிரத்து நானூத்திப் பதிமூணு. மிச்சம் பூச்சியம் சார்.”

ரசலையன் பெருக்கிப் பார்த்தார். சரியாக வந்தது. நோட்டைப் புரட்டினார். 283க்கு அடுத்த தாள் 307. நடுவில் ஒரு தாள் இல்லை.

“செல்லரிச்சிருக்கும் சார்.”

“என் மூளையத்தான் மக்கா செல்லரிச்சிட்டு! நேத்து வந்தவன் கண்டுபிடிச்சுட்டியே!” அவமானத்தில் அவர் கண் கலங்கியது.

கலங்கிய கண் மெல்லத் தெளிந்தது. பொருத்தனை முடிந்துவிட்டதல்லவா! எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டார்.

“ஏட்டி, வடசேரி வரைக்கும் போயிட்டு வாறேன்.”

வடசேரியில் கள்ளுக்கடைக்குத்தான் என்பது நேசம்மாளுக்குத் தெரியும். ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு உள்ளே போனாள். தன் வேதப்புத்தகத்துக்குள் பதினொரு வருடமாய் மடித்து ஒளித்து வைத்திருந்த பழுப்பேறிய தாளைக் கொண்டுவந்து நீட்டினாள்.

தலைப்பு 293. கீழே கோணல்மாணலாக ஒரு வகுத்தல், மிச்சம் பூச்சியம். சந்தேகமே இல்லாமல் ரசலையனின் கையெழுத்து.

“இது... நான் எப்பட்டீ எழுதினேன்?”

“இதைக் கண்டுபிடிச்ச சந்தோசத்துலதானே அன்னைக்குக் குடிச்சிட்டுக் கோயில் வாசல்ல விழுந்திய!”